மூன்றாம் மாடி விளக்கு

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரம் அவளுடையது. சால்டரிங் கம்பி, ஒயர் துண்டுகள், புரோகிராம் எழுதி ஓட்டும் தீப்பெட்டி அளவு மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். "தட்டு வைக்க இடம் விட்டா போதும்" என்பதோடு கணவன் நிறுத்திக்கொள்வான். வேன் ஓட்டுகிறவன். மாடிப்படி இருட்டில் கால் பிசகி அவன் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்று, கட்டடம் முழுவதற்கும் விளக்கு செய்துவிடுவது என்று அவள் முடிவெடுத்தாள்.

படி திரும்பும் இடந்தோறும் ஒரு சென்சார், அதோடு ஒரு போர்டு. ஆள் அசைந்தால் விளக்கு எரியும்; அசைவு நின்றால் சற்று நேரத்தில் அணைந்துவிடும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "பசங்க கை வெச்சா ஷாக் அடிக்காதே?" என்று கேட்டார். அடிக்காது என்றாள். திருப்தியாகப் போனார்.

கொஞ்ச நாளில் அவரே வழிமறித்தார். "மூணாம் மாடி லைட்டு சாயங்காலமானா கண்ணடிக்குதும்மா. எரியுது, அணையுது, திரும்ப எரியுது. தெருவுல இருந்து பாக்க நல்லாவா இருக்கு?"

அவள் சென்சாரை மாற்றினாள். அப்படியேதான் இருந்தது. ஜன்னல் வழியே வரும் வெப்பக்காற்று ஏமாற்றுகிறதோ என்று அட்டையில் ஒரு மறைப்பு செய்து ஒட்டினாள். புரோகிராமை வரி வரியாகப் படித்துப் பார்த்தாள். குறை எதுவும் அகப்படவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குள் போகாமல், ஸ்க்ரூடிரைவரோடு நேராக மேலே ஏறினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில், அந்த மாடிக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவர். காலில் ஷூ, மடியில் பை. சுவரைப் பார்த்தபடி இருந்தார். விளக்கு அணைந்தது. அவர் தலையைத் திருப்பாமல் ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். எரிந்தது.

அவளைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"உக்காருங்க சார். சென்சார் கெட்டுப்போச்சோன்னு பாக்க வந்தேன்."

"அது நல்லாத்தாம்மா இருக்கு. நான்தான்."

அவள் இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். அவர் மெதுவாகச் சொன்னார். "ஆபீஸ்ல பொழுதன்னைக்கும் யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. உள்ள போனா அப்பா, பசங்க, டிவி. நடுவுல கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவாவும் இல்லாம இருக்கணும் போல இருக்கு. முன்னெல்லாம் இங்க இருட்டு. யார் கண்ணுலயும் படாது. உங்க வீட்டுக்காரர் விழுந்தப்புறம்தான் பயம் வந்துச்சு. யாராவது என்மேல தடுக்கி விழுந்துட்டா? அதான் கை ஆட்டறேன்."

அவள் சிரிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் மூன்றாம் மாடி விளக்கை மட்டும் கழற்றிவிட்டுச் சின்ன எல்ஈடி பட்டை ஒன்றை வைத்தாள். ஆள் வந்தால் பளிச்சென்று எரியும். அசைவு நின்றால் அணையாமல் மங்கிக்கொள்ளும். செயலாளரிடம், "கோளாறு சரியாப் போச்சு" என்றாள்.

சில நாள் கழித்து மூன்றாம் மாடிக்காரரின் மனைவி, காதுக்கம்பி கழன்ற கண்ணாடியோடு கடைக்கு வந்தாள். சரிசெய்து கொடுத்ததும் போட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க மாடியில மட்டும் லைட்டு மங்கலா எரியுதே, அது உங்க வேலையா?"

"அங்க சென்சார் கொஞ்சம் மந்தம் அக்கா."

"என்கிட்ட எதுக்கு மறைக்கிறே? கதவுல துளை இருக்கில்ல. அவர் உக்காந்திருக்கிறது எனக்கு எப்பவோ தெரியும். கேட்டா எழுந்து உள்ள வந்துடுவாரு. அதான் கேக்கல."

அவள் கண்ணாடித் துணியை மடித்து நீட்டினாள். அதை வாங்கிய அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"மொட்டை மாடியில தண்ணித் தொட்டி ஓரமா எனக்கு ஒரு லைட்டு போட்டுத் தரியா? இந்த மாதிரி தானா எரியறது வேணாம். ஸ்விட்ச் வெச்சுக் குடு. வேணும்னா போட்டுக்கறேன், வேணாம்னா அணைச்சுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை கணவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். "இதுக்கு போர்டு கீர்டு எதுவும் இல்லையா?" என்றான்.

"இல்ல. ஸ்விட்ச் மட்டும்தான்."

ஒயரை இழுத்து முடித்ததும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவள் போட்டுப் பார்த்தாள், அணைத்துப் பார்த்தாள். பிறகு கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியைக் காலால் நகர்த்தி அதன்மேல் உட்கார்ந்தாள்.

"சரி, நீங்க கிளம்புங்க" என்றாள்.