கங்காணி நோட்டு

அப்பாவின் உடல் மேல் போர்த்தியிருந்த வேட்டிக்கு அடியில் அம்மா எதையோ செருகினாள். ஜலஜா பார்த்துவிட்டாள்.

"என்னம்மா அது?"

"ஜாதகம். அவரோடயே போகணும்."

அம்மா வசுமதி மகளின் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஒரு ஜாதகம் அத்தனை தடிமனாகவா இருக்கும்? உயிர் போன கால் மணி நேரத்திலேயே பீரோவைத் திறந்தவள் அம்மா. அப்போதிருந்தே ஜலஜாவுக்குச் சந்தேகம்தான்.

ஜலஜா கல்லூரியில் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர்களைப் பாடம் நடத்துபவள். அடிமைகளை விற்ற பத்திரங்களிலும் கப்பல் பட்டியல்களிலும் பாட்டன் பெயரைத் தேடியெடுத்துக் கவிதையாக்கியவர்கள் அவர்கள். வீட்டுப் பழைய காகிதங்களைத் தேடச் சொல்லி மாணவிகளை விரட்டுவாள். ஊருக்குத்தான் உபதேசம். பெஹாலாவில் தங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு துண்டுக் காகிதம் அகப்பட்டதில்லை. துறைமுக அலுவலகத்தில் கோப்பு கட்டி, தொண்ணூற்றாறில் ஓய்வு பெற்ற அப்பா, கேட்டபோதெல்லாம், "நம்மகிட்ட என்னம்மா இருக்கு" என்று சிரித்து மழுப்பினார்.

"பௌதி, காடி எஷே கேச்சே," என்று அம்மாவிடம் வங்காள மொழியில் சொன்னார் கீழ்வீட்டு போஸ் பாபு. அண்ணி, வண்டி வந்துவிட்டது. ஆண்கள் பாடையை எடுத்துவர இறங்கினார்கள். அம்மா வாசலுக்குப் போனாள்.

ஜலஜா வேட்டிக்குள் கையை விட்டாள். அப்பாவின் விரல்கள் ஜில்லென்று பட்டன. ஜாதகத்தோடு ஒரு பழுப்பேறிய நோட்டு. வரிசையாகப் பெயர், வயது, ஊர். எதிரே கட்டைவிரல் ரேகை. மாணிக்கம், இருபது. கிருஷ்ணம்மாள், பதினொன்று. சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயரை அவர்களுக்குள் தேடினாள். இல்லை. கடைசிப் பக்கத்தில், அழகான கையெழுத்தில் இருந்தது: 'ஆள் சேர்த்து ஒப்படைத்தது, கங்காணி அர்ஜுனன்.' கொள்ளுத்தாத்தாவின் பெயர் அது.

அவளுக்கு அவமானமாக இருந்தது. அப்பாவின் மேல் கோபமும் வந்தது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் சாம்பல், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பதினொரு வயதுப் பெண்ணுக்கு இந்த ரேகையை விட்டால் வேறென்ன மிச்சம்?

நோட்டைப் புடவைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜாதகத்தை மட்டும் திரும்ப வைத்தாள்.

"எல்லாம் அப்பாவோட இருக்கில்ல?" என்றாள் திரும்பி வந்த அம்மா.

"இருக்கும்மா."

அம்மா வேட்டியின் மேல் கைவைத்துத் தடவிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிணம் போனதும் வீட்டைக் கழுவிவிட வேண்டும். ஜலஜா தண்ணீர் வாளியைத் தூக்கினாள். மூலையில் உட்காரவைத்திருந்த அம்மா எழுந்து வந்தாள். அன்றைக்கு அவளை எந்த வேலையும் செய்ய விடமாட்டார்கள். உறவுக்காரப் பெண்கள் தடுத்தும் கேட்காமல், மகளின் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள்.

"தள்ளி நில்லு," என்றாள். "நனைஞ்சுடப்போவுது."