பாதி ஷட்டர்

ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையில் கிருபாராணி கையை விட்டாள். ஒரு மாத்திரை அட்டை, மடித்த கைக்குட்டை, அடியில் புத்தகக் கடைச் சாவி. ஐஸ் பெட்டிக்குள் கிடந்த அப்பா சகாயநாதனுக்கு இனி அது தேவையில்லை.

வாசலில் சித்தப்பா பிரகாஷ் மறித்தார்.

“எங்க பாப்பா கெளம்பிட்ட?”

“கடையத் தெறக்க.”

 ஊர் என்ன பேசும் என்றார். பாகலூர் ரோட்டில் பிண வண்டி போனால் முன்பின் தெரியாதவன்கூட ஷட்டரைப் பாதி இறக்குகிறான், செத்தவர் கடையே திறந்து கிடப்பதா என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் தலித்துகள் எழுதிய புத்தகங்களை முன்தட்டில் வைத்து, ஒரு தலித்தே நடத்திய கடை அது. போன வருடம் அதில் ஒரு நாவலைக் கல்லூரியில் பாடத்திலிருந்து எடுத்தார்கள். யாருக்கோ மனம் புண்பட்டதாம். பிறகு நூலகத்திலிருந்தும் எடுத்தார்கள். பிறகு சிலர் கடைக்கே வந்து, இதைத்தான் விற்பாய் என்றால் மூடிவிட்டுப் போ என்றார்கள். அப்பா சண்டை போடவில்லை. மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் திறந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் திறந்தார். காய்ச்சலிலும் திறந்தார். மாணவர்கள் வருவது நின்றுபோயிருந்தது.

அந்த நாவலுக்குப் பக்கத்தில் அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருத்தியின் கதையைத் தமிழில் வைத்திருந்தார். அவள் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் சொல்வார்: “அங்கயும் பள்ளிக்கூடத்துல இருந்து எடுத்துப்புட்டாங்களாம். அவங்க ஆளுங்க நடத்தற கடைக்குத் தேடிப்போயி வாங்கறாங்களாம்.” சொல்லிவிட்டு ரோட்டைப் பார்ப்பார்.

“இன்னைக்குப் பூட்டிக் கெடந்தா, மூடச் சொன்னவனுங்க ஜெயிச்ச மாதிரி சித்தப்பா.”

“சாவுக்கு மூடறது தோக்கறதா?”

“அவனுங்களுக்கு வித்தியாசம் தெரியாது.”

பிரகாஷ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “உங்கம்மா கேட்டா நான் என்னன்னு சொல்ல?”

உள்ளே சுவரில் சாய்ந்திருந்த அம்மா டெல்பின் தலையைத் தூக்கவில்லை. “வெளி லைட்டையும் போட்டுட்டு வாடி” என்றாள்.

ஷட்டர் எப்போதும்போலப் பாதியில் சிக்கியது. உதைத்துத் தூக்கினாள். முன்தட்டைத் துணியால் துடைத்தாள். விளக்குகளைப் போட்டாள். யார் பார்த்துக்கொள்வார்கள் என்று பக்கத்து பேக்கரிக்காரர் கன்னடத்தில் கேட்டார். யாருமில்லை என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினாள்.

சாயங்காலம் பிண வண்டி பாகலூர் ரோட்டுக்கு வந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் கிருபாராணி உட்கார்ந்திருந்தாள். பேண்டு செட் முன்னால் போனது. மொபைல் கடை ஷட்டர் பாதி இறங்கியது. டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்தார். பேக்கரியும் பாதி இறங்கியது.

அப்பாவின் கடை முழுதாகத் திறந்திருந்தது. வெயில் போகாத நேரத்தில் விளக்கு எரிந்தது. உள்ளே, கம்பெனி யூனிபார்மில் ஒரு பெண், முதுகில் பையோடு, ரோட்டுக்கு முதுகைக் காட்டி முன்தட்டருகே நின்றிருந்தாள். கையில் புத்தகம் விரிந்திருந்தது. இவ்வளவு சத்தத்துக்கும் அவள் திரும்பவில்லை.

“அண்ணா, கொஞ்சம் மெதுவா போங்க” என்றாள் கிருபாராணி.

டிரைவர் பிரேக்கைத் தொட்டார். அந்தப் பெண் பக்கத்தைப் புரட்டினாள்.