பித்தப்பைக் கையேட்டுக்கு மூன்று மார்க்

டொக்டர் செல்வரத்தினம் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். தானும் கூட்டாளிமாரும் எழுதிய கையேட்டுக்கு மார்க் போடும் குழுவில் அருள்நாயகியையும் சேர்க்கும்படி அவரே வாய்விட்டுக் கேட்டார். எங்கட பிள்ளை, எங்களை விட்டுக்கொடுக்காது என்ற நினைப்பு. நல்ல ஆளைப் பார்த்துத்தான் நம்பினார் போங்கள்!

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு அது. வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுப் பித்தப்பையை எடுக்கும் ஒப்பரேஷன் லண்டன் ஆஸ்பத்திரிகளில் பரவிக்கொண்டிருந்த காலம். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று சர்ஜன்மாருக்குச் சொல்லும் வழிகாட்டிக் கையேடு. குழு சரி சொன்னால் சுற்றியுள்ள ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போய்விடும்.

அருள்நாயகியும் சர்ஜன்தான். கையேட்டில் படங்கள் வெகு அழகு. ஆனால் எந்த ஆய்வை வைத்து இதையெல்லாம் சொல்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. தனியாகச் செய்ய முன்னர் ஒருவர் எவ்வளவு பழகியிருக்க வேண்டும் என்பது பற்றியும் மூச்சே விடவில்லை. பழகாத கை பித்தக் குழாயை வெட்டினால் நோயாளியின் வாழ்க்கை நாசம். அப்படி வெட்டுப்பட்டவர்களை அவள் வார்ட்டில் பார்த்திருக்கிறாள். பத்துக்கு மூன்று போட்டாள்.

அடுத்த கிழமை அவளுக்குக் கன்சல்டன்ற் என்ற மூத்த டொக்டர் வேலைக்கு இன்ரர்வியூ. அவளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வேண்டியவர் இதே செல்வரத்தினம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கியவளுக்கு முதல் வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். பயமில்லையா என்றால், இருந்தது. பயத்துக்காகப் பொய் மார்க் போட மட்டும் அவளுக்கு வராது.

வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு இருக்கையில், மார்க் விஷயம் காதுக்கு எட்டியிருந்த செல்வரத்தினம் அவளைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் மனைவி பாலாம்பிகை.

"மூண்டோ பிள்ளை? உனக்கு நான் என்ன குறை வைச்சனான்?"

"உங்களுக்குப் போடச் சொன்னால் பத்தும் தருவன் அண்ணை. புத்தகத்துக்கு ஏலாது."

"இவ்வளவு காலம் கத்தி பிடிச்ச கை இது. என்னட்டை ஆய்வு கேக்கிறியோ?"

"உங்கட கைக்கு வேண்டாம். உங்கட புத்தகத்தைப் பார்த்து நாளைக்கு வெட்டப்போறவன்ரை கைக்கு வேணும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மாத்திப் போடு. இன்ரர்வியூ வருகுது, யோசி."

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "யோசிச்சுத்தான் போட்டனான். மாத்தமாட்டன்."

"கோயிலிலை என்ன சண்டை, விடுங்கோ!" பாலாம்பிகை குறுக்கே விழுந்தாள். "பிள்ளை, எனக்கும் பித்தப்பையிலை கல்லாம். வாற மாதம் எடுக்கினம்."

"ஐயோ அக்கா! ஆர் செய்யிறது?"

"இவர்தான் நாலு இடத்துக்குப் போன் அடிச்சு விசாரிச்சு ஆளைப் பிடிச்சவர். தன்ரை ஆஸ்பத்திரி டொக்டர்ப் பெடியள் வேண்டாமாம்."

அருள்நாயகி அவர் பக்கம் திரும்பினாள். "என்னத்தை அண்ணை விசாரிச்சனீங்கள்?"

செல்வரத்தினம் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். "எத்தினை பேருக்குச் செய்திருக்கிறான் எண்டு."

"அது உங்கட புத்தகத்திலை எங்கை இருக்குது?"

பாலாம்பிகை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப மற்றப் பெண்டுகளுக்கு ஆரப்பா போன் அடிக்கிறது?" என்று கேட்டாள்.

அவர் எழும்பிக் கை கழுவப் போனார். போனவர் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் செத்திருந்தது.

"மூண்டு அப்பிடியே கிடக்கட்டும் பிள்ளை. நான் திருப்பி எழுதுறன்," என்றார். "இன்ரர்வியூவுக்கும் இந்த வாயோடையே போ."