ரிஜெக்ட் ஐயா பார்வையிட்ட கடைசி இல்லம்

ஒரு சமுதாயம் நாகரிகம் அடைந்துவிட்டதா இல்லையா என்பதை அதன் கோபுரங்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. நடக்க முடியாதவர்களையும் நினைவு தப்பியவர்களையும் அது எப்படித் தொடுகிறது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த மாபெரும் உண்மையை முதியோர் இல்லத்தின் குளியலறையில் நின்றுகொண்டு, தலைமை நர்ஸுக்கும் தன் மகளுக்கும் எடுத்துரைத்தபடியே பெரியவர் குழாயைத் திருகினார். தண்ணீர் அவர் சட்டையில் அடித்தது.

"வேகம் ஜாஸ்தி," என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வயசானவங்க தோல் இதைத் தாங்காது. குறிச்சுக்கோம்மா."

மகள் குறித்துக்கொள்ளவில்லை. அவளிடம் பேனாவே இல்லை.

"சரி பண்ணிடறோம் சார்," என்றாள் தலைமை நர்ஸ். கட்டையான, அவசரப்படாத பெண்மணி. இந்த மாதிரி அப்பாக்களை நிறையப் பார்த்தவள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

அவர் ஆயுள் முழுவதும் ஒரு குழாய்த் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். செய்து முடித்த குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார், ஒரு கண்ணை மூடுவார், "ரிஜெக்ட்" என்பார். தொழிலாளர்கள் முதுகுக்குப் பின்னால் 'ரிஜெக்ட் ஐயா' என்று கூப்பிட்டார்கள். அது தெரிந்தும் அவர் கோபப்பட்டதில்லை. உள்ளுக்குள் பட்டம் வாங்கினதுபோலத்தான் இருந்தது. ஒரு தடவை ஒரு லோடு குழாயைத் திருப்பி அனுப்பும்போது, வந்த ஆத்திரத்தில் பேனா மூடியைக் கடித்து அவருடைய மேல்வரிசைப் பல் செட்டின் ஓரமே தெறித்துவிட்டது. அந்த லோடோடு பல்லும் ரிஜெக்ட் ஆனது என்று கேன்டீனில் வெகுநாள் சிரித்தார்கள். ஓய்வு பெற்ற அன்று சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்கள். காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, பின்தங்குகிறது என்று மேடையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அப்படிப்பட்டவர் வீட்டில், மனைவிக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள். பிறகு வீட்டுக்கு வரும் வழியை. பிறகு மகளை. அவரை மறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒருநாள் சாயங்காலம், அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுடாதீங்க," என்றாள்.

"சீ, பைத்தியம்," என்றார் அவர். அவருக்குத் தெரிந்து அதுதான் அவர் செய்து கொடுத்த ஒரே சத்தியம்.

அன்றிலிருந்து வீட்டையே தொழிற்சாலையாக மாற்றினார். எல்லாம் டப்பாவில் போயிற்று, எல்லா டப்பாவிலும் லேபிள் ஏறிற்று. மாத்திரை, காலுறை, சீப்பு, இருவரின் பல் செட்டுக்கும் ஒரே டாக்டர் கொடுத்த நீல டப்பாக்கள், எதுவும் தப்பவில்லை. 'அம்மா', 'நான்', 'ஸ்பேர்'. அவர் எதையும் தூக்கி எறிகிறவர் இல்லை என்பதால் 'ஸ்பேர்' நிறைய இருந்தது. முதலில் லேபிளை ஒட்டுவார், பிறகுதான் பொருளைப் போடுவார். அது அவருடைய தொழில் தர்மம். "லேபிள் பேசணும், மனுஷன் யோசிக்கவே கூடாது," என்று மகளிடம் பெருமையாகச் சொன்னார். "எந்தக் கம்பெனி தோத்தாலும் என் வீடு தோக்காது."

ஆனால் நோய் லேபிளுக்குக் கட்டுப்படவில்லை. மனைவி பேச்சைக் குறைத்தாள், பிறகு அடியோடு நிறுத்தினாள். ஊட்டினால் துப்பினாள். பல் செட்டை மாட்டிவிட்டால் ஆடியது; ஈறு சுருங்கிவிட்டது என்று அவர் இன்னும் கொஞ்சம் பசை தடவினார். காலையில் அவர் கையைப் பார்த்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "முத்திப் போச்சு," என்று அவர் பால்கனியில் நின்று, யாருக்கும் தெரியாமல் அழுதார்.

மகள் இல்லங்களைத் தேட ஆரம்பித்தது, குளியலறையில் அம்மாவைத் தூக்கப்போய் அப்பாவும் விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை இருவரும் ஈரத்தரையில் கிடந்த பிறகு. ஒவ்வொரு இல்லத்தையும் அவர் போய்ப் பார்த்தார். ஒன்றில் ஜன்னல் விளிம்பில் தூசி. இன்னொன்றில் மாடிக் கைப்பிடி ஆட்டம். மற்றொன்றில் தலைகீழாக நின்றும் ஒரு குறையும் அகப்படவில்லை. "இவ்வளவு சுத்தமா இருந்தா இங்க மனுஷங்களே இருக்கறதில்லனு அர்த்தம்," என்று அதையும் தள்ளினார். அப்பா இல்லத்தைத் தேடவில்லை, குறையைத்தான் தேடுகிறார் என்பது மகளுக்குப் புரிய வெகுகாலம் ஆகவில்லை.

"அப்பா, இதுதான் கடைசி," என்று சொல்லிவிட்டாள். "அம்மா ஒரு நாள் காலையிலேர்ந்து சாயங்காலம்வரைக்கும் அங்க இருக்கட்டும். நீங்க ஆசை தீரப் பாருங்க. அவங்க கவனிப்புல ஒரே ஒரு குறை காட்டுங்க, நானே அம்மாவை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடறேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். குறை இல்லன்னா நீங்க மறுபேச்சுப் பேசக் கூடாது."

"குழாய் வேகம் கணக்குல வருமா?"

"வராது."

அதனால்தான் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார். போர்வையை மோந்தார். சமையலறையில் கத்தியின் கைப்பிடியைத் தடவினார். சமையல்காரர், "ருசி பாக்கறீங்களா சார்?" என்றதற்கு, "ருசியெல்லாம் அபிப்பிராயம். எனக்கு உண்மை வேணும்," என்று பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

நடைபாதையில் சக்கர நாற்காலியில் ஒருவர் வழிமறித்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவராம். இப்போதும் இடப்பக்கம் ஒதுங்குவதில்லை.

"என்ன சார், இடத்தை விலைக்கு வாங்கப் போறீங்களா?"

"தரம் பாக்கறேன்."

"பாருங்க, பாருங்க. பெல் அடிச்சா வர்றாங்களானு கேளுங்க."

அவருக்கு முகம் மலர்ந்தது. "வர்றதில்லையா?"

"எங்க வராம இருக்காங்க? ஓடி வந்துடறாங்க. சும்மா கை பட்டாக்கூட வந்து நிக்கிறாங்க." டிரைவர் மடியிலிருந்த போனை எடுத்துக் காட்டினார். "என் பையனுக்கும்தான் போன் அடிக்கிறேன். அவன் வர்றதில்ல. இதை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?"

ரிஜெக்ட் ஐயா குனிந்து நாற்காலியின் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். மனைவிக்கென்று ஒதுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நல்ல அறை. வெளிச்சம் கட்டில்மேல் விழாமல் தரையில் விழுந்தது. கைப்பிடிகள் ஆடவில்லை. மேஜை முனைகள் மழுக்கப்பட்டிருந்தன. அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அது கிரீச்சிடவும் இல்லை. கிரீச்சிட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது. இன்று இரவு வீட்டுக்குப் போனால் லேபிள்கள் இருக்கும். 'அம்மா' என்று எழுதின டப்பாக்கள் வரிசையாக இருக்கும். அவள் பேசுவதில்லைதான், திரும்பிப் பார்ப்பதில்லைதான். ஆனாலும் விடிந்தால் அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் அவர் எதற்காக எழுந்திருப்பது? தலையணையைத் தட்டிப் பார்த்தார். அதிலும் குறை இல்லை. கொஞ்ச நேரம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு திடீரென்று எழுந்தார். இடத்தைப் பார்த்தாயிற்று; ஆளைப் பார்க்கவில்லையே!

கூடத்தில் ஜன்னலோரம் மனைவி உட்கார்ந்திருந்தாள். எதிரே பணிப்பெண் ஒருத்தி பாலில் ஊறவைத்த ரொட்டியைக் கரண்டியில் ஏந்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகள்.

"காலையிலேர்ந்து வாயே திறக்க மாட்டேங்கறாங்க," என்றாள் பணிப்பெண். "கண்ணு மட்டும் கிண்ணத்தையே பாக்குது."

"பாத்தியா!" என்றார் அவர் மகளிடம். குரலில் வந்த சந்தோஷத்தைக் கேட்டு அவருக்கே வெட்கமாக இருந்தது. "வீட்லயாவது நாலு கரண்டி உள்ள போகும்."

சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். "ஆ காட்டும்மா. நான்தான்."

மனைவி அவர் கையைப் பார்த்தாள். உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அந்தக் கையை மெல்ல விலக்கி, உதட்டை விரித்து, வெளிச்சம் அடித்தார். பல் செட்டின் விளிம்புக்குமேல், ஈறில், பிளந்து சிவந்த ஒரு புண்.

"சிஸ்டர்!"

அந்தக் கூப்பாட்டில் தலைமை நர்ஸ் வந்தாள், சமையல்காரர் எட்டிப் பார்த்தார், டிரைவர் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். ரிஜெக்ட் ஐயா நிமிர்ந்து நின்றார். தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு அவர் இவ்வளவு உயரமாக நின்றதில்லை.

"ஒருநாள்! ஒரேயொரு நாள் உங்ககிட்ட விட்டேன். என்ன பண்ணி வச்சிருக்கீங்க பாருங்க. கையும் களவுமா பிடிச்சேனா இல்லையா?"

தலைமை நர்ஸ் குனிந்து பார்த்தாள். "சார், இது இன்னிக்கு வந்த புண் இல்ல. ஓரமெல்லாம் காய்ச்சுப் போயிருக்கு. ரொம்ப நாளா உறுத்திட்டு இருந்திருக்கு."

"எனக்கே பாடமா? தினம் காலையில என் கையால மாட்டறேன். ராத்திரி என் கையால கழட்டறேன், என் கையால கழுவறேன். இந்தப் பல்லுமேல வேற ஒருத்தர் விரல் பட்டதில்லம்மா, தெரியுமா உங்களுக்கு?"

"அப்பா, மெதுவா," என்றாள் மகள்.

"ஏன் மெதுவா? பராமரிப்புன்னா என்னன்னு இவங்க தெரிஞ்சுக்கட்டும். செட்டைக் கழட்டி எப்படிப் பாக்கணும்னு காட்டறேன். எல்லாரும் கிட்ட வாங்க."

வந்தார்கள். அவர் பழகின கையோடு பல் செட்டைக் கழற்றினார். பசை நூல்நூலாக வந்தது. கூடத்து மூலையிலிருந்த தொட்டியில் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ, "அப்பாடா," என்றார்கள்.

குரல் பிசிறாக இருந்தது. ஆனால் தெளிவாகக் கேட்டது.

"அம்மா?" என்றாள் மகள். "அம்மா பேசிட்டா! அப்பா, அம்மா பேசறா!"

அவர் திரும்பவில்லை. கரண்டி கிண்ணத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. பணிப்பெண் சிரித்தபடி, "மெதுவா, மெதுவா, கிண்ணம் எங்கயும் ஓடாது," என்று சொல்வது கேட்டது.

"பசி சார் அந்த அம்மாவுக்கு," என்றார் டிரைவர். "வேற ஒண்ணும் இல்ல. பசி."

"செட்டுல ஏதாவது குறை தெரியுதா சார்?" என்று தலைமை நர்ஸ் கேட்டாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. "சொல்லுங்க, பல் டாக்டரை வரச் சொல்றேன். எங்க தப்புன்னா ஒத்துக்கறோம்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் அருகில் வந்தாள். "சொல்லுங்கப்பா. நான் சொன்னா சொன்னதுதான். இவங்க மேல குறைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இப்பவே அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடலாம்."

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். தூக்கின கை தூக்கினபடியே நின்றது. பின்னால் மனைவி கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

செட்டின் இடது ஓரத்தில், பேனா மூடியைக் கடித்த இடத்தில், ஒரு சில்லு தெறித்திருந்தது. இத்தனை நாளாக 'அம்மா' டப்பாவிலிருந்து எடுத்து அவர் மனைவியின் வாயில் மாட்டிக்கொண்டிருந்தது அவருடைய பழைய பல் செட்.