ஆனைக்கல் கோளாம்பி

பரலோகம் மலைமேல் இறங்கி மனிதரோடு நேரடியாகப் பேசியது இதுவரை இரண்டே முறைதான் என்பது ஆனைக்கல் எஸ்டேட் சபையாரின் அசைக்க முடியாத நம்பிக்கை. முதல் முறை சீனாயில். இரண்டாம் முறை பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே, இவர்கள் கோவிலின் தகரக் கூரையில். சீனாயில் பத்துக் கட்டளைகள் கிடைத்தன. ஆனைக்கல்லில் கிடைத்தது, முந்தின நாள் வைத்த மத்திக் குழம்பில் புளி பத்தவில்லை என்ற தகவல்.

தகவலைச் சொன்னது கூரைமேல் கட்டியிருந்த கோளாம்பி. கூம்பு ஒலிபெருக்கிக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அதுதான். குழம்பு யார் வீட்டுக் குழம்பு என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்நேரம் மைக்கின் முன்னால் கண்ணை மூடி நின்றவர் சபைச் செயலர் அருமைநாயகம். கோளாம்பியில் கேட்டதும் அவர் குரலேதான். ஆனால் அவர் வாய் அப்போது அசைந்தது வேறு வார்த்தைகளுக்கு: "சர்வ வல்லவரே, இந்த மூன்று நாட்களில் எங்கள் சிந்தையை முற்றிலும் புதிதாக்கினீரே, ஸ்தோத்திரம்." முன்வரிசையில் இருந்தவர்களுக்கு வாய் சொன்னது லேசாகவும் கூரை சொன்னது பலமாகவும் கேட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளான ஐந்து லயங்களிலும், எதிர்ச் சரிவில் மாரியம்மன் கோவிலிலும் இருந்தவர்களுக்குக் கூரை சொன்னது மட்டும் கேட்டது.

அருமைநாயகம் தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஜெபம் பெயர் பெற்றது. உலகம் உண்டானதில் தொடங்கி, அரசாங்கம், பருவமழை, பிணியாளிகள் என்று இறங்கி வரும். அவர் நாடாளும் தலைவர்களுக்கு வந்துசேரும்போது எழுந்து வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தால் ஆமெனுக்குச் சரியாக இருக்கும் என்பது பெண்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. 'சிந்தை மாறினால் ஜீவியம் மாறும்' என்ற அந்த மூன்று நாள் முகாமும் அவர் ஏற்பாடுதான். சமவெளியிலிருந்து கோட் போட்ட பேச்சாளர் ஒருவர் வந்து, மனித மூளையின் படத்தைத் திரையில் காட்டி, கெட்ட நினைப்பு எந்த மூலையில் குடியிருக்கிறது என்று சிவப்பு விளக்கால் சுட்டினார். கடைசியில், சிந்தை மாறியவர்கள் கை தூக்குங்கள் என்றார். அருமைநாயகம் இரண்டு கைகளையும் தூக்கினார். முடிவு ஜெபத்துக்கு அவரைத்தான் அழைத்தார்கள்.

குழம்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. கோளாம்பி தொடர்ந்தது: "பேனர்ல எம் பேர இம்புட்டுப் பொடிசாப் போட்டுட்டானுவ. இந்தக் குருவம்மா எதுக்கு எப்பப் பாத்தாலும் காலு வலிக்குன்னு ஜெபிக்கச் சொல்லுதா, வேலைக்குப் போவாம இருக்க ஒரு சாக்கு. நல்லதம்பி காப்பித்தூள்ல புளியங்கொட்ட கலக்குதான்." ஆமென் சொல்ல ஆள் இல்லாததை அறிந்துதான் அருமைநாயகம் கண் திறந்தார்.

மைக் செட் வாடகைக்கு விடும் லோகேஷ் கூரைமேல் ஏறி எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்த்தான். "அண்ணாச்சி, செட்டுல ஒரு கொறையும் இல்ல. ஒயரு செரி, ஆம்ப்ளிஃபயர் செரி. வேற எங்கயோதான் எர்த் அடிக்கி" என்றான், அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டே. புது மைக் வந்தது. அதுவும் அப்படியே சொன்னது. மாரியம்மன் கோவில் செட்டை இரவல் வாங்கினார்கள். கூழ் ஊற்றும் நேரத்தை அன்று காலைவரை ஒழுங்காக அறிவித்துக்கொண்டிருந்த அந்தச் செட், அருமைநாயகம் முன்னால் வைத்ததும், இரவல் கொடுத்தவர்களின் கணக்கில்லாத திமிரைப் பற்றிப் பேசியது. அதை உடனே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். முகாம் முடிந்தும் மறுநாள் ஆராதனையில் பேசுவதற்காகத் தங்கியிருந்த பேச்சாளர், தனக்குத் தொண்டை நன்றாக இருப்பதால் மைக் தேவையில்லை என்றார். போதகருக்கும் அந்த வாரத்திலிருந்து தொண்டை நன்றாக ஆனது. பாடகர் குழுவுக்கும் அப்படியே. ஆகவே அந்த மைக் மற்றவர்களின் நினைப்பையும் சொல்லுமா என்பது இன்றுவரை தெரியாது. சோதித்துப் பார்க்க ஒருவரும் முன்வரவில்லை.

அருமைநாயகம் மட்டும் விலகவில்லை. விலகினால் கோளாம்பி சொன்னது உண்மை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தார். அப்படி நினைத்ததையும் அடுத்த ஞாயிறு கோளாம்பி சொன்னது.

அந்த மாதத்தில்தான் அவர் மனைவி தங்கபுஷ்பத்தைக் கோட்டயத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். இருதயத்தில் ஒரு வால்வு பழுது, ஈஸ்டர் கழிந்ததும் ஆபரேஷன், பிழைப்பது பாதி டாக்டர் கையில் என்று சொல்லி அனுப்பினார்கள். மீதிப் பாதி யார் கையில் என்பதைத் தங்கபுஷ்பம் யாரிடமும் கேட்கவில்லை. ஜீப்பில் திரும்பி வரும்போது கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம எனக்காக நீங்க ஜெபிக்கணும். மைக்குல."

"வீட்டுல வச்சு ஜெபிச்சாப் போதாதா? அது என்னத்தையாவது சொல்லிரும், புஷ்பம்."

"சொல்லட்டும். எனக்குத் தெரியாததையா சொல்லிரப் போவுது? முப்பத்தஞ்சு வருஷமா ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கு."

ஒத்திகை பார்ப்பது நல்லது என்று அடுத்த ஞாயிறே பிணியாளிகளின் வரிசையில் அவள் பெயரையும் சேர்த்தார். வாய், "உமது அடியாளைத் தேவரீர் கண்ணோக்கி" என்றது. கோளாம்பி, "இவ ஆஸ்பத்திரில கெடந்தா எனக்கு யாரு வெந்நி போடுவா" என்றது. பெண்கள் பக்கத்தில் தங்கபுஷ்பம் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி அடுத்த பாட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமும் வழக்கம்போல அவருக்கு வெந்நீர் போட்டு வாளியில் ஊற்றி வைத்தாள். வழக்கமாகக் குரல் கொடுப்பாள், அன்று கொடுக்கவில்லை. கூப்பிடுவாள் என்று அவர் உட்கார்ந்திருந்தார். வெந்நீர் ஆறிப்போனது.

முகாமில் படித்ததை முயன்று பார்த்தார். கெட்ட நினைப்பு வரும் வழியில் நல்ல நினைப்பை நிறுத்தி வைக்கவேண்டும் என்பது பாடம். கோளாம்பி, "நல்லதா நெனை, நல்லதா நெனை, லோகேசு எதுக்குச் சிரிக்கான், நல்லதா நெனை" என்று லயங்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. ஈஸ்டர் நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவியைப் பற்றி வெளியே கேட்கும்படியான ஒரு நினைப்பு அவரிடம் இல்லை. தேடினால் குழம்பும் வெந்நீரும் இஸ்திரி போட்ட வேட்டியும்தான் வந்தன.

அவர் மனசு மாறத் தொடங்கியது அவர் முயற்சியால் அல்ல. வைதது கேட்டவர்கள் நியாயம் கேட்க வரத் தொடங்கியதால்தான். முதலில் வந்தவள் கொழுந்து எடுக்கும் குருவம்மாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் கால்வலிக்கு எந்தச் சாமியிடம் சொன்னாலும் சரிதான் என்று அருமைநாயகத்திடம் சொல்லி வைத்திருந்தாள். வேலை முடிந்து வந்து அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து, சேலையை முழங்கால்வரை ஏற்றினாள்.

"சாக்குன்னு சொன்னீயளே அண்ணாச்சி. இந்தா, பாருங்க சாக்க."

முப்பது வருஷம் அந்த மலையில் கொழுந்தை மட்டுமே பார்த்திருந்த சூப்பர்வைசரின் கண் முதல்முறையாகக் காலைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை கோளாம்பி சொன்னது: "குருவம்மா காலுல நரம்பு மண்புழு மாதிரி சுருண்டு கெடக்கு. அந்தக் காலோட எப்படித்தான் மேட்டுல ஏறுதாளோ." தன் லயத்து வாசலில் இருந்து கேட்ட குருவம்மாள் சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அடுத்து கடைக்காரர் நல்லதம்பி ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்தார். காப்பியை ஊற்றிக் கையில் கொடுத்தார். "கலக்குதேன் அண்ணாச்சி, இல்லங்கல. ஆனா கொஞ்சந்தான். அதப் போயி கோவில் கூரைல ஏத்துவியளா?" அந்த வாரம், நல்லதம்பி கொஞ்சந்தான் கலக்குகிறான் என்ற திருத்தம் ஐந்து லயங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பிறகு, திட்டு வாங்காதவர்களும் முன்கூட்டியே வரத் தொடங்கினார்கள். கோளாம்பி தங்களைப் பற்றி எதையாவது சொல்லித்தான் தீரும் என்றால் சரியாகச் சொல்லட்டுமே என்பது அவர்கள் எண்ணம். மகன் வட்டவடை ஊரில் பூண்டு பயிர் போட்டு மழையில் விட்டதைச் சொன்னார்கள், மருமகள் கோபித்துக்கொண்டு போனதைச் சொன்னார்கள், பல் கட்டின வேதனையை வாயைத் திறந்து காட்டினார்கள். அருமைநாயகத்தின் தலைக்குள் ஆள் கூடிக்கொண்டே போனது. அவர் உட்கார இடம் குறைந்துகொண்டே வந்தது. இதற்குப் பெயர் வளர்ச்சி என்று அவருக்குத் தெரியாது. பேச்சாளர் காட்டிய மூளைப் படத்தில் இப்படி ஒரு மூலை இல்லை.

ஒருநாள் விடியற்காலை பல் துலக்க வந்தவர் அடுப்படி வாசலில் நின்றுவிட்டார். தங்கபுஷ்பம் ஈர யூக்காலி விறகை ஊதுகுழலால் ஊதினாள். நிறுத்தினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று மூச்சு வாங்கினாள். மறுபடி குனிந்தாள். வாளியில் வெந்நீர் இருப்பதை அவர் அறிவார். அது வாளிக்கு எப்படி வருகிறது என்பதை அன்றுதான் கண்டார். உள்ளே போய் ஊதுகுழலை வாங்கிக்கொண்டார்.

"ஊதாதீங்க, சாம்பல் பறக்கு. வெறகக் குறுக்க வைங்க" என்றாள்.

"இப்பம்?"

"இப்பமும் சாம்பல்தான் பறக்கு."

அன்று அவருடைய வெந்நீர் வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. அதில்தான் இருவரும் குளித்தார்கள்.

குறித்த ஞாயிறு வந்தது. மாரியம்மன் கோவிலில் மணியடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார்கள். அருமைநாயகம் மைக்கின் முன்னால் நின்று, வானத்தையும் பூமியையும் என்று ஆரம்பித்தார். கூரையில் சத்தமே இல்லை. லோகேஷ் ஆம்ப்ளிஃபயரை ஒருமுறை தட்டினான். பிறகு கோளாம்பி மெதுவாகப் பேசியது. "வெந்நி போடும்போது புஷ்பம் ஊதுகுழல வச்சிட்டுச் செவுத்தப் பிடிச்சு நிக்கா. எத்தன வருஷமா இப்படி நிக்கான்னு தெரியல. நான் பாக்கல ஆண்டவரே. பயமா இருக்கு. இனிமே வெந்நி நானே போட்டுக்கிடுதேன். அவளுக்கும் சேத்துப் போடுதேன். அவள மட்டும் திருப்பி அனுப்பிரும்." வாய் எப்போதோ பூமியோடு நின்றுபோயிருந்தது. உள்ளே ஆமென் சொல்லும் நிலையில் யாரும் இல்லாததால், முதல் ஆமென் வெளியே லயங்களிலிருந்து வந்தது. எங்கே சொல்லவேண்டும் என்று பழக்கமில்லாதவர்கள் ஆகையால் அது முன்னும் பின்னுமாக, எதிர்ச் சரிவுவரை போய் வந்தது. படி இறங்கும்போது தங்கபுஷ்பம் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல வெந்நியக் கொதிக்க வைக்கப் படிங்க" என்றாள்.

அவள் மழைக்காலத் தொடக்கத்தில், நெஞ்சில் நீளமான தையலோடு திரும்பி வந்தாள். அதற்கு அப்புறம் ஆனைக்கல்லில் இரண்டு போதகர்கள் மாறிவிட்டார்கள். கோட் போட்ட பேச்சாளரை மறுபடி அழைத்ததற்கு, தேதி இல்லை என்று பதில் வந்தது. கோளாம்பி கூரையில்தான் இருக்கிறது. யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை மாரியம்மன் கோவில் கமிட்டியாரும் ஞாயிறு காலை அதில் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள்; பவர்கட் என்றால் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். அருமைநாயகம் பரிசுத்தவானாக ஆகிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. பேனரில் பெயர் சிறியதாக இருந்த விஷயம் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது வருகிறது. தங்கபுஷ்பத்தின் பெயர் வாராவாரம் வருகிறது, பெரும்பாலும் காரணமே இல்லாமல். காலை வெந்நீர் அவர்தான் போடுகிறார், கொதிப்பதில்லை.

போன மாதம், தங்கபுஷ்பம் பிழைத்து வந்ததற்கான வருஷாந்தர ஸ்தோத்திர ஆராதனையில் புதுப் போதகரின் பிரசங்கம் நீண்டுவிட்டது. நன்றி ஜெபத்துக்கு அருமைநாயகம் மைக்கின் முன்னால் வந்தார். வாய், "அளவிறந்த கிருபைகளுக்காக" என்று தொடங்கியது. கோளாம்பி, மூத்திரம் முட்டுகிறது என்று ஐந்து லயங்களுக்கும் எதிர்ச் சரிவுக்கும் அறிவித்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பாயில் இருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள், லோகேஷ் பக்கவாட்டுக் கதவைத் திறந்து பிடித்தான், சபை அவர் வரும்வரை ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார். வேட்டியின் முன்பக்கம் கொஞ்சம் நனைந்திருந்தது.