தாய் மரம் கண்டுபிடிக்கப்படவில்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. இந்த ஜூன் மாதம் எங்கள் பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: "பள்ளத்தாக்கில் மிக்கோனியா என்னும் களைமரத்தின் கன்றுகள் பரவக் காரணமான தாய் மரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை." அதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்த மரத்தின் நிழலில் உட்கார்ந்து காப்பி குடித்திருந்தேன்.

புதுச்சேரியை விட்டு வந்து, பசிபிக் கடலில் பிரான்சின் ஆட்சியில் உள்ள ரயாத்தேயா தீவில் இருபத்திரண்டு வருடமாகச் செய்தி எழுதுகிறேன், பிரெஞ்சில். இதை மட்டும் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணமில்லை. இந்தத் தீவில் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். [முந்தைய வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், கோழைத்தனம் தெரியட்டும்.]

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கையளவு நீளமில்லை, கை நீளமே இருக்கும் இலை. திருப்பிப் பார்த்தால் அடியில் கத்தரிக்காய் நிறம். மழைத்துளி அதன்மேல்"

நிறுத்திவிட்டேன். அந்த மரம் இந்தக் கடலின் தீவுகளுக்கு வந்ததே அழகுக்காகத்தான். அதை அழகாக எழுதினால், கொண்டுவந்தவர்களின் வேலையை நானும் ஒருமுறை செய்ததாக ஆகும்.

இரண்டாவது தொடக்கம்: "பிப்ரவரி மழையில் மலைச்சரிவு பெயர்ந்து பூனுவா என்பவனின் சமையலறையை மூடியது." இது இருக்கட்டும். மிக்கோனியாவின் வேர் ஆழம் போகாது. அதன் நிழலில் வேறு எதுவும் முளைக்காது. ஒரு சரிவு முழுக்க அது மட்டுமே நின்றால், பெருமழையில் மண்ணைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பூனுவாவின் மனைவியும் இரண்டு பெண்களும் தேவாலயத்தில் இருந்ததால் பிழைத்தார்கள். பாடல் ஒன்று குறைவாகப் பாடியிருந்தால் வீட்டில் இருந்திருப்பார்கள். பூனுவாவே எண்ணிச் சொன்னது இது.

3

தெய்ஹோட்டு. வயது முப்பத்தொன்று. மலையில் மிக்கோனியா பிடுங்கும் குழுவில் பதினொரு வருடமாக இருக்கிறான். பிடுங்கிய கன்றைக் கீழே போட்டால் மறுபடி வேர் பிடித்துவிடும் என்பதால், வேர் மேலே இருக்கும்படி வேறு மரத்தின் கவட்டையில் மாட்டிவிடுவார்கள். அவர்கள் போன வழியெல்லாம் செடிகள் தலைகீழாகத் தொங்கிக் காயும்.

பூனுவாவும் அதே குழுதான். ஜூன் மாதம், அந்தக் காப்பிக்கு மறுநாள், நான் அவர்களோடு ஏறியபோது, டின் மாட்டிறைச்சியும் ரொட்டியும் தின்றுகொண்டே சொன்னான்:

"தாய் மரம் பக்கத்துலதான்டா எங்கேயோ இருக்கு. எவனோ வீட்டுல வெச்சுத் தண்ணி ஊத்தி வளர்க்கறான். கையில கிடைச்சா அவனையும் இப்படித்தான் மாட்டுவேன், கால் மேல, தலை கீழ."

"முதல்ல நீ ஓரமா நில்லு. உன் தொப்பைக்கே மலை பெயர்ந்துடும்" என்றான் தெய்ஹோட்டு. எல்லோரும் சிரித்தார்கள். தெய்ஹோட்டுவும் சிரித்தான்.

[இந்த இடத்தில் என் பாத்திரத்தை நானே நம்பவில்லை. அந்த மரம் அவன் வீட்டு முற்றத்தில் நிற்கிறது. நண்பனின் சமையலறையைத் தோண்டி எடுக்க மண்வெட்டி பிடித்தவர்களில் அவனும் ஒருவன். எப்படிச் சிரிக்க முடியும்? மூன்று முறை அந்தச் சிரிப்பை அடித்துப் பார்த்தேன். ஆனால் சிரித்தான். நானும் சிரித்தேன்.]

4

மரத்தை நட்டது அவன் அம்மா மொயெரவா. முப்பத்தொரு வருடத்துக்கு முன் தீவில் வீட்டுத் தோட்டங்களுக்குப் போட்டி நடந்தது. அவளுக்கு முதல் பரிசு. ஓர் அரசு அலுவலகம் மேடையேற்றிக் கொடுத்த பரிசு, தொட்டியில் ஒரு மிக்கோனியா கன்று. அப்போது அவளுக்கு நிறைமாதம்.

இந்தத் தீவில் பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியைச் சொந்த மண்ணில் புதைத்து, மேலே ஒரு மரம் நடுவார்கள். ஈரப்பலா நடுவார்கள், தென்னை நடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் இடம் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவார்கள். மொயெரவா ஊரில் யாரிடமும் இல்லாத மரம் தன் மகனுக்கு இருக்கட்டும் என்று பரிசுக் கன்றை நட்டாள்.*

* இதைத் தவறு என்று முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். யாருடைய தவறு?

காப்பி குடித்த அன்று அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே ஆரம்பித்தாள்.

"பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டாங்க தம்பி. கைதட்டினாங்க. இப்ப அதே ஆபீஸ் சுவத்துல என் செடி படத்தைப் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு கிழிச்சிருக்காங்க. ஒருத்தனாவது வாசல்ல வந்து, தெரியாம கொடுத்துட்டோம்மான்னு சொன்னானா?"

"பறவை வாயில பழம் வேலி தாண்டிப் போகுதும்மா" என்றான் தெய்ஹோட்டு. "பூனுவா வீடு…"

"தெரியும். என்னைக் குருடின்னு நினைச்சியா? வெட்டினா துளிர்க்கும், அடிக்கட்டையில மருந்து பூசணும்னு நீதானே சொன்ன. வேரோட பிடுங்கினா தோண்டணும். உன் கொடி இருக்கற மண்ணுடா அது. தோண்டுவியா, மருந்து ஊத்துவியா? ரெண்டுல எதுன்னு சொல்லு."

அவன் எழுந்தான். வேலிக் கதவு வரை என்னோடு வந்தான்.

"நீங்க எழுதிடுங்கண்ணே. பேப்பர்ல வந்தா ஆபீஸ்காரன் வருவான், அவன் வெட்டட்டும். நான் வெட்டினா அம்மா என் முகத்துல முழிக்க மாட்டாங்க."

தலையாட்டினேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பொய்யை எழுதினேன். எழுதினால் அலுவலகம் வருவதற்கு முன் பூனுவா வந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி, அந்த வீட்டில் இன்னும் காப்பி குடிக்க வேண்டும் என்ற ஆசை.

5

முடிவுகள்.

(அ) அம்மா தேவாலயம் போன நேரத்தில் மகன் வெட்டிவிடுகிறான். அவள் திரும்பி வந்து அடிக்கட்டையைப் பார்க்கிறாள், ஒன்றும் பேசாமல் உள்ளே போகிறாள். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். பெண்களை வாயடைக்க வைத்துவிட்டால் கதை முடிந்ததுபோலத் தோன்றும். மொயெரவா பேசாமல் உள்ளே போகிற ஆள் இல்லை.

(ஆ) அதிகாரி ஒருவர் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி, "மன்னிச்சிடு

முடிக்க முடியவில்லை. அப்படி ஓர் அதிகாரியை நான் எங்கும் பார்த்ததில்லை. கன்று கொடுத்தவர் பதவி உயர்வோடு ஓய்வு பெற்றிருப்பார். பிடுங்குகிறவர்களுக்கு முதுகுவலி.

(இ) புயல் வந்து மரத்தைச் சாய்க்கிறது. சாய்ந்தாலும் மண்ணில் கிடக்கும் விதை பத்துப் பதினைந்து வருடம் முளைக்கக் காத்திருக்கும். எனக்காகப் புயல் எதற்கு வர வேண்டும்?

6

நேற்று மறுபடி போனேன். மரத்தில் காய் பழுக்கிற பருவம். மொயெரவா ஏணியில் நின்றுகொண்டிருந்தாள், ஐம்பத்தெட்டு வயதில். வாயில் சணல் கயிறு. பழக்கொத்து ஒவ்வொன்றையும் பழைய தலையணை உறைக்குள் விட்டு, உறையின் வாயை இறுக்கிக் கட்டினாள். பூப்போட்ட உறைகள். எட்டிய கிளைகளிலெல்லாம் தொங்கின. தெய்ஹோட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

"மேல இருக்கறதை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு மேலே இன்னும் இரண்டு ஆள் உயரத்துக்கு மரம் இருந்தது.

"ஏணி இவ்வளவுதான் தம்பி" என்றாள்.

7

[அந்த வீடு இருக்கும் சாலையின் பெயரை இங்கே எழுதினேன். பிறகு அடித்தேன்.]

நாளை மாலைக்குள் நான் பத்திரிகைக்கு ஏதாவது அனுப்ப வேண்டும். பிரெஞ்சில் முதல் வரி தயாராக இருக்கிறது: "தாய் மரம்". அதற்கு மேல் எழுதவில்லை.

சாலையின் பெயர் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன். யாருக்குச் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். பூனுவாவுக்கா, அலுவலகத்துக்கா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மொயெரவாவிடம் யார் போய்ச் சொல்வது என்பதையும். கேட்காமல் பக்கத்தைத் திருப்பினால், தெரிந்தும் சும்மா இருந்தவன் இனி நான் மட்டும் இல்லை.

அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டாம். தலையணை உறைகளுக்கு மேலே, ஏணி எட்டாத கிளைகளில் பழம் கறுத்துவிட்டது. பறவைகள் விடிந்ததும் வந்துவிடுகின்றன.