லூர்துநாதனுக்குப் போன நன்மை

சவுரியம்மாளுக்கு வேறு வண்டியே கிடைக்கவில்லையா என்றுதான் ராயப்பனுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் அவனுக்கு முன்னால் இரண்டு ஜட்கா சும்மாத்தான் நின்றன. பங்குனி வெயிலில் சவாரி கிடைக்காமல் அந்த வண்டிக்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி ஓடி வந்து, இவன் குதிரையின் கடிவாளத்தை அல்லவா அவள் பிடித்துக்கொண்டாள்!

புருஷன் லூர்துநாதன் சாகக் கிடக்கிறானாம். விடிந்ததிலிருந்து ரத்த வாந்தியாம், டாக்டர் கையை விரித்துவிட்டாராம். மாதா கோயிலுக்குப் போய் சாமியாரிடம் சொல்லியாயிற்று. அவரை ஊருக்கு அழைத்துப் போக வண்டி வேண்டும்.

"சாமியார் ரெடியா நிக்கிறாரு. ஜல்தியா வாண்ணே," என்றாள்.

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். லூர்துநாதன் யார்? ராயப்பனின் தம்பி சூசையை உயிரோடு விழுங்கியவன். ஐம்பத்து மூன்றாம் வருஷம் அவர்கள் ஊரில் நிலக்கடலை மூட்டை அடுக்கியிருந்த ஒரு மல்லாட்டைக் கிடங்கு எரிந்துபோனது. கிடங்கில் வேலை பார்த்த லூர்துநாதன், முதலாளி சொல்லைத் தட்டப் பயந்து, விழுப்புரம் கோர்ட்டில் வேதப்புத்தகத்தின் மேல் கையை வைத்து, சூசை தீ வைத்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு சூசை காய்ச்சலில் அண்ணன் வீட்டில் சுருண்டு கிடந்தான். கூடப் பிறந்தவன் சொன்னால் கோர்ட்டு நம்புமா? கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். போன இடத்தில் பேதி கண்டது. ராயப்பன் போய்ப் பார்த்தபோது தம்பியின் கண் வாசலிலேயே இருந்தது. "சாமியார் வந்துட்டாராண்ணா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சாமியார் வந்து சேர்ந்தபோது உடம்பு சில்லிட்டுவிட்டது.

அதற்கப்புறம் ராயப்பன் ஊரில் இருக்கப் பிடிக்காமல் திண்டிவனத்துக்கு வந்து ஜட்கா ஓட்டினான். எட்டு வருஷமாக நன்மை வாங்கவில்லை. பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தைத்தான், ஆண்டவரின் சரீரத்தைத்தான், அவர்கள் நன்மை என்பார்கள். அதை வாங்குவதற்கு முன்னால் சாமியாரிடம் செய்த பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். செய்தால் அவர், லூர்துநாதனை மன்னித்துவிட்டாயா என்று கேட்பார். அதெப்படி மன்னிப்பதாம்? ஞாயிற்றுக்கிழமை தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு, மற்றவர்கள் நன்மைக்கு எழுந்து போகும்போது இவன் வெளியே வந்துவிடுவான்.

வண்டி வராது என்று சொல்ல வாயெடுத்தவன் சட்டென்று மூடிக்கொண்டான். வேறொன்று தோன்றிவிட்டது. பொய்ச்சத்தியம் சாவான பாவம்; மன்னிப்பு வாங்காமல் செத்தால் நரகம்தான். சாமியார் போய்ச் சேர்ந்தால், அந்தப் பாவி ஒரு பாட்டம் அழுது பாவத்தைச் சொல்லிவிட்டு, கழுவி வைத்த பாத்திரம்போல மோட்சத்துக்குப் போய்விடுவான். சேராவிட்டால்? அவளை ஏற்றிக்கொண்டு ராயப்பன் வண்டியைக் கோயிலுக்கு விட்டான்.

சாமியார் மாற்றலாகி வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. ரோடு தெரியாது. சாகிறவனுக்குக் கொடுக்க வேண்டிய நன்மையைப் பட்டுப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, சாகிறவன் நெற்றியில் பூசுகிற அவஸ்தைத் தைலத்தையும் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஆண்டவர் வண்டியில் இருக்கும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது. சாமியார்கூட ஜெபத்தைத் தவிர ஒன்றும் பேசமாட்டார். கூட வருகிறவர் மணி அடித்துக்கொண்டே வர வேண்டும், அவ்வளவுதான். சவுரியம்மாள் மணியை வாங்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

திண்டிவனத்தைத் தாண்டினால் ரோடு இரண்டாகப் பிரியும். இடது பக்கம் வல்லத்துக்குப் போகிற ரோடு; அதில் போனால் குதிரைக்கு வேர்க்கிறதற்குள் லூர்துநாதன் வீடு வந்துவிடும். வலது பக்கம் ஏரிக்கரை. அது ஏரியை முழுசாகச் சுற்றிக்கொண்டு ஊரின் பின்பக்கம் போய் இறங்குகிற வழி. குதிரை பழக்கத்தில் இடது பக்கம் திரும்பியது. ராயப்பன் கடிவாளத்தை வெடுக்கென்று வலது பக்கம் இழுத்தான்.

மணி நின்றது.

அவளுக்குத் தெரியாத வழியா? பிறந்து வளர்ந்த ஊர். இப்போது கத்துவாள், சாமியாரிடம் சொல்லுவாள் என்று ராயப்பன் முதுகு விறைக்கக் காத்திருந்தான். சொல்லட்டுமே, ரோடு பழுது என்று சாதித்துவிடலாம். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மணி திரும்பவும் அடித்தது, முன்னைப்போலவே. ராயப்பன் திரும்பிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் கொட்ட, உதட்டைக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கரை குறுகலானது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளத்தில் கேப்பை வயல். குதிரையை நடக்க விட்டான். வேண்டுமென்றே ஒரு தரம் இறங்கி வாரை அவிழ்த்துக் கட்டினான். மணி மட்டும் நிற்கவே இல்லை.

வயலில் மடை திறந்துகொண்டிருந்த துரைக்கண்ணு மணிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். வேதக்காரர்களின் சாமி போகிறது என்று தெரிந்ததும் தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிட்டான். நல்ல மனுஷன். பேசக்கூடாது என்கிற சட்டமெல்லாம் அவனுக்கு என்ன தெரியும்?

"இன்னா ராயப்பா, லூர்துநாதனுக்கா போறீங்க? ரோட்டுல போனா இந்நேரம் போயிருக்கலாமே. ஏன் இப்புடி சுத்திக்கினு போற?"

ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டான். சாமியார் ஜெபத்தை நிறுத்தினார். அவனைப் பார்த்தார், பின்னால் அழுகிற பெண்ணைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்பிலிருந்த பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நிமிஷத்தில்தான் ராயப்பனுக்குத் தம்பியின் கண் ஞாபகம் வந்தது. இப்போது அங்கே ஒருத்தன் அதே மாதிரி வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். சாமியார் வந்தாரா, வந்தாரா என்று கேட்டுக்கொண்டிருப்பான். சூசைக்கு எது நடந்ததென்று எட்டு வருஷமாக வயிறு எரிந்தானோ, அதையேதான் இப்போது தன் கையால் செய்துகொண்டிருக்கிறான். வண்டியைத் திருப்பலாமென்றால் கரையில் இடம் ஏது? முழுசாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். அன்றுவரை பிள்ளையைப்போல் வளர்த்த குதிரையைச் சவுக்கால் விளாசினான். வண்டி குலுங்கிப் பறந்தது. சாமியார் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், உயிரைப் பிடித்துக்கொண்டிரு பாவி என்று ராயப்பன் வாய்க்குள்ளேயே கெஞ்சிக்கொண்டு ஓட்டினான்.

ஊருக்குள் இறங்கும்போதே ஒப்பாரி கேட்டது.

சாமியார் உள்ளே ஓடினார். உயிர் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இருக்கலாம் என்று நெற்றியில் தைலம் பூசி ஜெபித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அடுத்த வீட்டு வெள்ளையம்மாள், இப்போதுதான் மூச்சு அடங்கிற்று என்றாள். ராயப்பன் வாசற்படியில் தலையால் முட்டிக்கொண்டு விழுந்தான்.

"நான்தான் சாமி. வேணும்னேதான் சுத்திக்கினு வந்தேன். அவன நரகத்துக்குத் தள்ளிட்டேன்."

சவுரியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்குத் தெரியும்ணே. ராயப்பன் வண்டியிலதான் சாமியாரக் கொண்டாரணும்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு. 'எந்த வழியில கொண்டாந்தாலும் நீ வாயத் தொறக்கக்கூடாது. என் வாயால அவங்க குடியக் கெடுத்தேன். இன்னைக்கு அவன் கையில என்ன வுட்டுடு'ன்னாரு."

வெள்ளையம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே மீதியைச் சொன்னாள். கடைசிவரைக்கும் மனுஷன் அழுதானாம். ஆண்டவரே, உன் புத்தகத்தைத் தொட்டுப் பொய் சொன்னேனே, உன்னையல்லவா நோக அடித்தேன் என்று மார்பில் அடித்துக்கொண்டானாம். வண்டி பிந்தி வந்தால் ராயப்பன்மேல் பழி வைக்காதே சாமி என்றதுதான் கடைசிப் பேச்சாம்.

சாமியார் வெளியே வந்து ராயப்பன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். ஆண்டவர் மேலுள்ள பிரியத்தால் அப்படி ஒருவன் மனம் நொந்து அழுதால் அதற்குப் பெயர் உத்தம மனஸ்தாபம். பாவசங்கீர்த்தனம் செய்ய வழியில்லாமல் போனாலும் ஆண்டவர் அந்த நிமிஷமே மன்னித்துவிடுகிறார் என்றார். சின்ன வயதில் ராயப்பனும் மனப்பாடம் செய்ததுதான். பாழும் மனசு அதைச் சௌகரியமாக மறந்துவிட்டிருந்தது.

"ஆண்டவர் உன் வண்டிக்காகக் காத்துக்கிட்டிருக்கல, ராயப்பா. நீ கரையைச் சுத்தறதுக்கு முன்னாலேயே இங்கே வந்துட்டார்."

ராயப்பன் எட்டு வருஷமாக ஒருவரிடமும் கேட்காததைக் கேட்டான்.

"அப்ப என் தம்பி, சாமி?"

"அவன்கிட்டேயும் அவர் முன்னாடியே வந்திருப்பார். சாமியார்தான் பிந்திப்போனார்."

ராயப்பன் வாய்விட்டு அழுதான். சூசை செத்த அன்றைக்குக்கூட அவன் அப்படி அழவில்லை. அழுது ஓய்ந்தபின் சாமியார் அவனைத் தூக்கி வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூட்டம் தானாக விலகியது. அவன் முழங்காலில் நின்று அவர் காதோடு காதாகச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. லூர்துநாதனை மன்னித்துவிட்டாயா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அவன் தலை பலமாக ஆடியதை எல்லோரும் பார்த்தார்கள்.

சாமியார் அவன் தலைமேல் சிலுவை வரைந்தார். நன்மை வாங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலிருந்தே ஒன்றும் சாப்பிடக்கூடாது என்பது சட்டம்; இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

"காலையில கேப்பக்கூழு, சாமி. வேற ஒண்ணும் இல்லீங்க."

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாமியார் மார்பிலிருந்த பட்டுப்பையைத் திறந்தார். ராயப்பன் பதறிப்போய்க் கையை ஆட்டினான். லூர்துநாதனுக்குக் கொண்டுவந்ததை இவன் வாங்குவதாவது! இவன் செய்த அநியாயத்துக்கு இவனுக்கா அது?

சாமியார் சவுரியம்மாளைப் பார்த்தார். அவள் உள்ளே எட்டிப் புருஷன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். மணியை எடுத்து வந்து ராயப்பன் பக்கத்தில் முழங்காலில் நின்று அடித்தாள்.

ராயப்பன் நாக்கை நீட்டினான்.